சித்தப்பாவின் நாலு போர்ஷன் கணக்கு

"பாப்பா, பாசிவ் இன்கம்னா என்ன?"

சித்தப்பா போனில் இப்படிக் கேட்டபோது ராத்திரி பத்தரை மணி. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று அன்றைக்குச் சரியாக நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. வழக்கமாக ஒன்பது மணிக்கே தூங்கிவிடுகிற மனுஷர். யூடியூபில் கோட் போட்ட பையன் ஒருவன், "நீங்கள் தூங்கும்போதும் உங்கள் பணம் சம்பாதிக்க வேண்டும்" என்று சொன்னதில் இருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

விஷயம் இதுதான். மணவூரில் தாத்தா விட்டுப்போன மனை சும்மா கிடக்கிறது. அதில் கீழே ரெண்டு, மேலே ரெண்டு என்று நாலு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடலாம் என்பது சித்தப்பாவின் திட்டம். "ஆளுக்கு அஞ்சாயிரம் வெச்சாலும் மாசம் இருபதாயிரம். உட்கார்ந்த இடத்துல வருமானம். நீ பத்திரிகைல இருக்கியே, இதுல என்னென்ன பார்க்கணும்னு விசாரிச்சுச் சொல்லு" என்றார்.

இன்னொருவர் கேட்டிருந்தால் நாலு லிங்க் அனுப்பிவிட்டுப் படுத்திருப்பேன். என் இதழியல் டிப்ளமோவுக்கு ஃபீஸ் கட்டியது சித்தப்பா. அவர் கையில் இருப்பது பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து முப்பது லட்சம். முப்பத்தாறு வருஷ உழைப்பு. அடுத்த சனிக்கிழமையே ஊருக்குக் கிளம்பினேன்.

தெரியாதவர்களுக்கு: சென்னையில் இருந்து அரக்கோணம் போகிற மின்சார ரயிலில் திருவள்ளூர், கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம் தாண்டினால் மணவூர். அடுத்த ஸ்டேஷன் ரத்தின சபை இருக்கிற திருவாலங்காடு. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகிற காவடிக் கூட்டத்தோடு இந்த ரயிலில் நின்றுகொண்டே போன அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். ஊரில் வாடகைக்கு வருகிறவர்கள் யார் என்று முதலில் ஒரு சுற்று விசாரித்தேன். சென்னைக்கு தினமும் ரயிலில் போய் வருகிறவர்கள், அரக்கோணம் பக்கம் டயர் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள், திருவாலங்காடு சர்க்கரை ஆலை ஆட்கள், மாற்றலாகி வருகிற ஆசிரியைகள், நர்ஸுகள். ஆள் வருகிறார்கள், ஆனால் வரிசையில் நிற்கவில்லை. இது முக்கியம். சென்னையில் ஒரு வீடு காலியானால் அடுத்த வாரமே ஆள் வந்துவிடும். இங்கே ரெண்டு மாதம்கூட "வாடகைக்கு விடப்படும்" அட்டை வெயிலில் வெளுத்துக்கொண்டு தொங்கும்.

சித்தப்பா டைரியை எடுத்தார். 450 சதுர அடியில் நாலு போர்ஷன், மொத்தம் 1,800 சதுர அடி. மேஸ்திரி சொன்ன ரேட் சதுர அடிக்கு 2,300 ரூபாய். 41 லட்சத்து 40 ஆயிரம். சம்ப், செப்டிக் டேங்க், போர், நாலு மீட்டர் இதற்கெல்லாம் 2 லட்சத்து 60 ஆயிரம். ஆக, 44 லட்சம். கையில் இருப்பது போக 14 லட்சம் கடன். வயது அறுபது தாண்டிவிட்டதால் அதிகபட்சம் பத்து வருஷம்தான் தருவார்கள், அதுவும் மகனையும் சேர்த்துக் கையெழுத்து போடச் சொல்வார்கள். 9 சதவீத வட்டிக்கு மாதத் தவணை 17,735 ரூபாய்.

"பார்த்தியா, இருபதாயிரம் வாடகை வந்தா தவணை போக மிச்சம்தானே?"

மிச்சம் 2,265 ரூபாய். அதுவும் நாலு வீட்டிலும் ஆள் இருந்து, நாலு பேரும் அஞ்சாம் தேதிக்குள் வாடகை கொடுத்தால். ஒரே ஒரு போர்ஷன் காலியானால் வாடகை பதினைந்தாயிரம். தவணைக்கு 2,735 ரூபாயை பென்ஷனில் இருந்து எடுத்து வைக்க வேண்டும். அந்த மாதம் பார்த்து மோட்டார் காயில் போனால்?

சித்தப்பா டைரியை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அதுவரை அடுப்படியில் இருந்த சித்தி அப்போதுதான் வாயைத் திறந்தார். "முப்பது லட்சத்தையும் போஸ்ட் ஆபீஸ்ல போட்டா என்ன வரும்னு கேளு பாப்பா."

கேட்க வேண்டியதே இல்லை, கணக்குப் போட்டேன். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் போடக்கூடிய உச்சவரம்பே 30 லட்சம்தான். வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், மாதக் கணக்கில் 20,500. நாலு போர்ஷன் கட்டி, கடன் வாங்கி, மேஸ்திரியோடு சண்டை போட்டு வருகிற இருபதாயிரத்தைவிட ஐந்நூறு ரூபாய் அதிகம். தவணை கிடையாது. குழாய் ரிப்பேர் கிடையாது.

நிஜமாகவே எனக்கு இது அதிர்ச்சி. வீடு கட்டி வாடகைக்கு விடுவது நம் குடும்பங்களில் கேள்வியே கேட்காத நல்ல விஷயம். நம்மூரில் குடியிருக்கிற வீட்டுக்குக் கிடைக்கும் வாடகை, கட்டுகிற செலவோடு ஒப்பிட்டால் இவ்வளவு குறைவு என்று யாரும் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பதில்லை. அதுவும் சித்தப்பா கணக்கில் மனைக்கு விலையே போடவில்லை. தாத்தா கொடுத்தது என்பதால் அது பூஜ்யம். மனையையும் வாங்கிக் கட்டுகிறவர்கள் கணக்கு இன்னும் மோசமாக இருக்கும்.

டீ குடித்துவிட்டு வந்த சித்தப்பாவிடமும் ஒரு நியாயம் இருந்தது. "போஸ்ட் ஆபீஸ்ல இன்னைக்கு போட்டா அஞ்சு வருஷத்துக்கு அதே 20,500தான். அதுக்கப்புறம் வட்டி என்ன இருக்கும்னு யாருக்குத் தெரியும்? வாடகை அப்படியா? நான் அரக்கோணத்துல குடியிருந்தப்ப எழுநூறு ரூபா கொடுத்தேன். இன்னைக்கு அந்த வீடு ஏழாயிரம்." அதுவும் உண்மை. வட்டி நிற்கும் இடத்தில் நிற்கும். வாடகை மெதுவாக ஏறும். எது சரி என்று என்னால் தீர்ப்பு சொல்ல முடியவில்லை. ஆனால் கடன் வாங்கிக் கட்டுவது அறுபது வயதில் கூடாது என்பதில் நானும் சித்தியும் ஒரே கட்சி.

சித்தி எதிர்த்ததற்கு இன்னொரு காரணம் இருந்தது. அது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வெளியே வந்தது. கல்யாணமான புதிதில் பதினோரு வருஷம் லைன் வீட்டில் குடியிருந்தவர் சித்தி. ஆறு குடித்தனம், ஒரு குழாய், ரெண்டு கழிவறை. 'எதிர்நீச்சல்' படத்தில் நாகேஷ் மாடிப்படிக்கு அடியில் குடியிருப்பாரே, அந்த மாதிரி வீடு என்று நாம் சிரித்துக்கொண்டு பார்ப்பது அவருக்கு வாழ்க்கை. "உங்க சித்தப்பா வாடகை வாங்குவாரு. மோட்டார் போடறது யாரு? செப்டிக் டேங்க் நிறைஞ்சா லாரிக்காரனுக்கு போன் பண்றது யாரு? மாடி வீட்டுல தண்ணி வரலைன்னா யார் கதவைத் தட்டுவாங்க? அந்த லைன் வீட்டு வீட்டுக்காரம்மா ஒரு நாள் மத்தியானம் தூங்கி நான் பார்த்ததில்ல."

பாசிவ் இன்கம் சித்தப்பாவுக்கு. ஆக்டிவ் வேலை சித்திக்கு. கோட் போட்ட பையன் வீடியோவில் இந்தப் பகுதி இல்லை.

மறுநாள் காலையில் பத்திரங்களை எடுத்துப் பார்த்தோம். கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்திருக்க வேண்டும், எல்லோரும் கடைசியில்தான் செய்கிறோம். தாத்தாவின் அப்பா வாங்கிய மூலப் பத்திரம் தெலுங்கில் இருந்தது. எனக்கு ஆச்சரியம், சித்தப்பாவுக்கு இல்லை. 1960 ஏப்ரல் 1-ம் தேதி வரை திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ம.பொ.சி. போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தது. அது பீரோவுக்குள் துணிப்பையில் சுற்றி இருக்கும் என்று நினைத்ததில்லை. இந்தப் பக்கத்தில் பழைய மனை வாங்குகிறவர்கள், தெலுங்கு படிக்கத் தெரிந்த வக்கீலிடமோ பத்திர எழுத்தரிடமோ மூலப் பத்திரத்தைக் காட்டி, நாலு எல்லையும் இப்போதைய பட்டாவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வில்லங்கச் சான்று மட்டும் போதாது.

பட்டா தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா உயில் எழுதவில்லை. அப்படியென்றால் மனை சித்தப்பாவுடையது மட்டும் அல்ல. என் அப்பா, சித்தப்பா, அத்தை மூன்று பேருக்கும் சம பங்கு. "அக்கா எதுவும் கேட்காதும்மா, அதுக்குக் கல்யாணத்துக்கே செஞ்சாச்சு" என்றார் சித்தப்பா. இதே வசனத்தை எத்தனை வீட்டில் கேட்டிருப்பீர்கள்! கல்யாணத்துக்குப் போட்ட நகையும் மனையில் இருக்கிற பங்கும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. அத்தை கையெழுத்து இல்லாமல் அந்த மனையில் முப்பது லட்சத்தைக் கொட்டினால், நாளைக்கு அத்தை மகனோ மகளோ கேட்கிற ஒரு கேள்வியில் கட்டடமே கேஸாகிவிடும். பாங்க்கிலும் கடன் கிடைக்காது.

அப்பா போனிலேயே சரி என்றுவிட்டார். அத்தை அம்பத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். நேரில்தான் பேச வேண்டும் என்று சித்தப்பாவும் நானும் போனோம். காபி கொடுத்துவிட்டு அத்தை ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "கையெழுத்து போடறேன்டா. நான் எதுவும் கேட்க மாட்டேன்னு நீயே எப்படி முடிவு பண்ண?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அத்தை கேட்டது மூன்று லட்சம். மனையின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு அது ரொம்பக் குறைவு என்பது எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? சித்தப்பா அங்கேயே ஒப்புக்கொண்டார். அப்பாவும் அத்தையும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். நாளைக்கு வரப்போகிற கோர்ட் செலவுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. அதற்கப்புறம்தான் பட்டா சித்தப்பா பெயருக்கு மாறியது.

கடைசியில் முடிவானது இது: நாலு இல்லை, கீழே ரெண்டு மட்டும். 900 சதுர அடி, சம்ப், செப்டிக் டேங்க் எல்லாம் சேர்த்து 23 லட்சம். கடன் இல்லை. அத்தைக்கு மூன்று போக மிச்சம் நாலு லட்சம், சித்தி சொன்னபடி போஸ்ட் ஆபீஸில். மேலே பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று தூணில் கம்பி விட்டு வைத்தாயிற்று. அஸ்திவாரத்தை மட்டும் மாடிக்கும் சேர்த்தே போடச் சொன்னோம். பின்னால் அதைத் திருத்த முடியாது.

ரெண்டு போர்ஷனின் கணக்கையும் உங்களிடம் மறைக்கவில்லை. மாதம் பத்தாயிரம், வருஷம் 1,20,000. வருஷத்தில் ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று வைத்தால் 1,10,000. சுண்ணாம்பு, பிளம்பர், மோட்டார், வீட்டு வரி என்று பத்தாயிரம் போனால் ஒரு லட்சம். 23 லட்சத்துக்கு அது நாலேகால் சதவீதம் சொச்சம். வருமானம் மட்டுமே குறி என்றால் சித்தி சொன்ன வழிதான் சரி, இப்போதும் அதையே சொல்வேன். சித்தப்பாவுக்கு மனையில் விளக்கு எரிய வேண்டும். அது கணக்கில் வராது.

கட்டும்போது கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, அனுமதி. 2,500 சதுர அடிக்குள் இருக்கிற மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ ஒரு மாடியோ கட்டுகிற வீடுகளுக்கு 2024 ஜூலையில் இருந்து சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கும் வசதி வந்திருக்கிறது. ஆனால் ஒரு வீடு என்று வரைபடத்தில் காட்டிவிட்டு உள்ளே நாலு போர்ஷன் தடுக்காதீர்கள். மீட்டர் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். எத்தனை குடித்தனமோ அத்தனையையும் வரைபடத்திலேயே காட்டிவிட்டு, உங்கள் ஊருக்கு எந்த வகை அனுமதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெண்டாவது, கரண்ட். வாடகைக்காரர்களின் நிரந்தரக் குமுறல் இதுதான். ஒரே மீட்டரில் நாலு குடித்தனத்தை வைத்துவிட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வசூலிப்பது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாலு குடும்பத்துக்கும் ஒரே மீட்டர் என்றால் அந்த நூறு யூனிட் ஒரு தடவைதான் கிடைக்கும். மொத்த யூனிட்டும் சேர்ந்து அதிகக் கட்டணப் படிக்கு ஏறிவிடும். தனி வாசல், தனி சமையலறையோடு கட்டினால் தனித்தனி இணைப்பு கேட்டு வாங்கலாம். பில்லை அவரவரே கட்டிக்கொள்வார்கள், உங்களுக்கும் ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை வாய்ச்சண்டை மிச்சம். மோட்டாருக்கும் வாசல் விளக்குக்கும் எப்படிப் பங்கு என்பதை மட்டும் முதல் நாளே பேசிவிட வேண்டும்.

மூன்றாவது சித்தியின் யோசனை, மேஸ்திரிக்குத் தோன்றாதது. ஓவர்ஹெட் டேங்கில் இருந்து இறங்கும் பைப்பில் போர்ஷனுக்கு ஒரு கேட் வால்வு. ஒரு வீட்டில் குழாய் உடைந்தால் அந்த வீட்டுக்கு மட்டும் தண்ணீரை நிறுத்தி வேலை பார்க்கலாம். ஒரு வால்வின் விலையில் பத்து வருஷ சண்டை தீர்ந்தது. செப்டிக் டேங்க் மூடியும் வாசலுக்கு வெளியே, லாரிக் குழாய் எட்டுகிற இடத்தில். வாடகைக்காரர் ஹாலுக்குள் மூடி இருக்கிற வீட்டை நான் சென்னையில் பார்த்திருக்கிறேன்.

இனி ஒப்பந்தம். இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்னையில் நான் முதலில் குடியிருந்த வீட்டுக்கு மாத வாடகை 9,000, அட்வான்ஸ் 90,000. எழுத்தில் எதுவும் இல்லை. "நம்ம பொண்ணு மாதிரி, பேப்பர் எதுக்கும்மா" என்றார் வீட்டுக்காரர். காலி செய்தபோது பெயின்ட், சுவரில் ஆணி, கழுவாத டேங்க் என்று கழித்துக்கொண்டு 61,000 கொடுத்தார். மூன்று மாதம் அலைந்து வாங்கியது. அந்தப் பொண்ணு மாதிரிக்கு 29,000 ரூபாய் விலை.

தமிழ்நாட்டில் 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் இருக்கிறது. 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. பழைய சட்டத்தில் வழக்கு போட்டால் தலைமுறை தாண்டும் என்ற பயத்தில்தான் பல பெரியவர்கள் வீட்டைப் பூட்டியே வைத்தார்கள். புதிய சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதபட்சத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக, திருப்பித் தர வேண்டும். உள்ளே வந்து பார்க்க வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பு சொல்ல வேண்டும். என்ன சண்டையாக இருந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக்கூடாது. வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு உண்டு: ரெண்டு மாத வாடகை பாக்கி நின்றால் காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம், ஒப்பந்தம் முடிந்தும் காலி செய்யாதவர் ரெண்டு மடங்கு வாடகை தர வேண்டியிருக்கும்.

சென்னை, திருத்தணி மாதிரி ஊர்களில் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. மணவூர் ஊராட்சிதானே என்று சித்தப்பா இழுத்தார். ஊராட்சியாக இருந்தாலும் இதே விஷயங்களை ஒப்பந்தத்தில் ஒவ்வொன்றாக எழுதச் சொன்னேன். அதோடு ஒரு வரி அதிகம்: குடிவரும் நாளில் இரு தரப்பும் சேர்ந்து சுவர், குழாய், கதவு, சுவிட்ச் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது. ஆணி யார் அடித்தது என்று பிறகு தகராறு வராது. அட்வான்ஸ் மூன்று மாதம், 15,000. அதைச் செலவு செய்யாமல் தனியாக வைக்க வேண்டும் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறேன், சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நானும் சித்தப்பாவும் சத்தமாகவே பேசிக்கொண்டோம். வாசலில் அட்டை மாட்டிய ரெண்டாம் நாள் பைக்கில் ஒரு தம்பதி வந்தார்கள். அவருக்கு அரக்கோணம் பக்கம் தொழிற்சாலை வேலை, அந்தப் பெண் திருவள்ளூரில் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். வீட்டைப் பார்த்தார்கள், பிடித்திருந்தது. சித்தப்பா, "சொந்த ஊர் எது? எந்தத் தெரு?" என்று ஆரம்பித்தார்.

எந்தத் தெரு என்ற கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரிந்தது. முகம் மாறியது. அவர் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

சென்னையில் நான் வீடு தேடியபோது பதினாலு வீட்டில் ஒன்பது வீட்டில் இதே கேள்வியை வேறு வேறு மாதிரி கேட்டார்கள். "வெஜிடேரியனா?" "உங்க பக்கம் பொங்கலுக்கு என்ன செய்வீங்க?" "அப்பா பேருக்குப் பின்னாடி ஏதாவது உண்டா?" ஒவ்வொரு தடவையும் படியிறங்கி வரும்போது எப்படி இருக்கும் என்பதை நான் சித்தப்பாவிடம் சொன்னதே இல்லை. அன்றைக்கு அவர்களுக்கு முன்னாலேயே சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சித்தப்பா, "நான் சும்மா பேச்சுக்குக் கேட்டேன்மா" என்றார். சும்மாதான் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வாடகைக்கு விடும்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இருக்கின்றன. எங்கே வேலை, சம்பளம் எந்தத் தேதி, எத்தனை பேர் தங்குவார்கள், முன்பு குடியிருந்த வீட்டுக்காரர் நம்பர் தர முடியுமா. ஆதார் நகலும் வாங்கிக்கொள்ளலாம். வாடகை வருமா, வீடு நல்லபடியாக இருக்குமா என்று தெரிந்துகொள்ள இவை போதும். வாடகையை பாங்க் கணக்கிலேயே வாங்குங்கள். வருமான வரி கணக்குக் காட்டும்போது வாடகையில் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதம் பராமரிப்புக்கு என்று கழிவு கிடைக்கும். அதற்கு பில் எதுவும் காட்டத் தேவையில்லை. ரொக்கமாக வாங்கி மறைக்கிறவர்களுக்கு இந்தக் கழிவு இருப்பதே தெரிவதில்லை.

திருத்தணிக்கு வருகிற பக்தர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் என்ன என்று நடுவில் ஒரு யோசனையும் சித்தப்பாவுக்கு வந்தது. கிருத்திகைக்கு மட்டும் கூட்டம், மற்ற நாளில் பூட்டு. அதோடு அது வீட்டு வாடகை இல்லை, லாட்ஜ் தொழில்; வேறு உரிமம், வேறு வரி. சித்தி ஒரு பார்வை பார்த்தார், அந்த யோசனை அத்தோடு போயிற்று.

அந்தத் தம்பதி கிளம்பி கேட் வரைக்கும் போய்விட்டார்கள். சித்திதான் பின்னாலேயே போய்க் கூப்பிட்டார். அவர் கேட்ட கேள்விகள் மூன்று.

"எத்தனை குடம் தண்ணி பிடிப்பீங்க?"

"மெஷின் இருக்குங்க ஆன்ட்டி, துணி ஞாயித்துக்கிழமை மட்டும்தான்."

"நைட் ஷிஃப்ட் முடிஞ்சு எத்தனை மணிக்கு வருவாரு?"

"பன்னெண்டு ஆகும்."

"கேட் சாவி ரெண்டு தர்றேன். என்னை மட்டும் எழுப்பக் கூடாது."

ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சினார்கள். ரெண்டாவது போர்ஷனில் இன்னும் அட்டை தொங்குகிறது. அத்தை வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து, "அந்த இன்னொரு வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?" என்று விசாரிக்கிறார். இல்லை என்று சொன்னால், "சரி, இருக்கட்டும்" என்கிறார். அந்தக் குரலில் ஒரு சந்தோஷம் இருப்பதாகச் சித்திக்குத் தோன்றுகிறதாம். எனக்கும்தான்.